வீட்டார் நிரப்ப வேண்டியது

இருபது கேள்விகளுக்கும் அவள் ஒரே கட்டத்தில் டிக் போட்டிருந்தாள்.

ஒருபோதும் இல்லை.

மருத்துவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மேசையில் அவள் கணவன் நிரப்பிய தாளும் கிடந்தது. பாதிக்கு மேல் 'எப்போதும்'. அவன் பொய் சொல்லவில்லை. சாப்பிடும்போது போன். படுக்கும்போது போன். கக்கூஸில் போன். போன மாதம் லேத் மெஷின் அவன் வலது சட்டைக் கையைப் பிடித்து இழுத்தபோது, இடது கையில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். சட்டை போயிற்று. கை தப்பியது.

டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அவன் வெளியே பெஞ்சில் இருந்தான். வீட்டாரிடம் தனியாகக் கேட்பதுதான் இங்கே வழக்கம்.

மருத்துவர் ஐந்தாவது கேள்வியில் விரல் வைத்தார். அவருடைய கவனம் குடும்பத்தின் மீது குறைந்திருக்கிறதா?

"உங்ககிட்ட அவர் முகம் கொடுத்துப் பேசறதே இல்லையாம்மா. அவரே எழுதியிருக்கார். உங்களுக்கு அதுல வருத்தமே இல்லையா?"

அவள் வலது காதை முன்னால் கொடுத்துக் கேட்டாள். இடது காது பாதிதான் கேட்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு வரை, சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் மகள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். குழம்பில் உப்பு. சட்டைக் காலரில் அழுக்கு. ஏதாவது ஒன்று அவன் கண்ணில் படும்.

அவன் குடிக்கிறவன் இல்லை. அதனால் அவள் சொன்னதை அவளுடைய அண்ணனே நம்பவில்லை.

பிறகு அந்த போன் வந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் குழம்பில் உப்புப் போடவே மறந்துபோனாள். அவன் திரையைப் பார்த்தபடியே இரண்டாம் முறை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான். கை கழுவினான். போய்ப் படுத்துக்கொண்டான்.

அவள் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தாள். வெகுநேரம்.

அதற்குப் பிறகு, ரீசார்ஜ் முடிவதற்கு முதல் நாளே அவள் கடைக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவாள். ஒரு மாதமும் தவறியதில்லை.

மருத்துவர் காத்திருந்தார். கதவுக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது.

"கவனிக்காம இருக்கறது நல்லதுதானுங்க" என்றாள்.

மருத்துவர் லேசாகச் சிரித்தார். மனைவியின் கோபம் என்று எடுத்துக்கொண்டார். இந்த அறையில் எல்லாப் பெண்களும் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார்கள். அவள் தாளின் ஓரத்தில், 'நம்பகமற்ற பதில்கள்' என்று எழுதினார்.

செவிலியர் கதவைத் திறந்து சென்னியப்பன் என்று கூப்பிட்டார். அவன் வந்து உட்கார்ந்தான்.

மதிப்பெண் அதிகம் என்று மருத்துவர் சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார். பதினைந்து நாள் போன் வீட்டம்மாவிடம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். முதலில் கை பரபரக்கும், எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது சான்றிதழைப் பார்க்கலாம்.

அவன் தலையாட்டினான். போனை அணைத்து அவளிடம் நீட்டினான்.

அது சூடாக இருந்தது. அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவன் சன்னலோரம் உட்கார்ந்தான்.

இரண்டு நிறுத்தங்கள் வரை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டான். கட்டைவிரல் மட்டும் தானாக மேலும் கீழும் அசைந்தது.

மேம்பாலம் ஏறும்போது அதுவும் நின்றது.

பெரிய கைகள். அவள் அவற்றைப் பார்க்காமல் இருக்க, முன் சீட்டின் கம்பியைப் பார்த்தாள்.

அவன் வெளியே பார்த்தான். நடத்துனரைப் பார்த்தான். முன்னால் இருந்தவரின் வழுக்கையைப் பார்த்தான். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் அவள் பக்கம் திரும்பினான்.

தலையிலிருந்து கால் வரை பார்த்தான்.

"ஏது இந்தச் சேலை?"

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்கு எடுத்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது உடுத்தியிருப்பாள்.

பேருந்து பாலத்திலிருந்து இறங்கியது.

அவள் பையைத் திறந்தாள். போனை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமாகும் வரை காத்திருந்தாள். பிறகு அதை அவன் மடியில் வைத்தாள்.

அவன் கை அதை எடுத்துக்கொண்டது.