ஒரு கைப்பிடி

சாம்பல் சட்டியைச் சிவப்புத் துணியில் கட்டிக் கொடுத்த மின்மயான ஊழியர், "வீட்டுக்குக் கொண்டுபோயிடாதீங்க தம்பி, நேரா கடலுக்குப் போங்க" என்றார். சட்டிக்குள் என் மனைவி தாரணி இருந்தாள். மைத்துனன் காரை எடுக்கப் போயிருந்தான். அப்போதுதான் வேப்பமரத்தடியில் நின்ற ஒருவன் என் அருகே வந்தான். அவன் கையில் தாரணியின் டிபன் பாக்ஸ் இருந்தது. அதைப் பேருந்தில் தொலைத்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள்.

"சார், என் பேரு எட்வின். எங்க ஆளுங்க எரிக்க மாட்டாங்க. ஒரு கைப்பிடி குடுத்தீங்கன்னா புதைச்சுக்குவேன்."

"எத்தன நாளா?"

"நாலு வருஷமா சார்."

எங்களுக்குத் திருமணமாகி மூன்று வருடம். அவனை அடிக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு மூன்று நாளாக அதுகூட வரவில்லை. கடலில் கரைத்துவிட்டால் நாளை முதல் நான் எங்கே போய் நிற்பேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

"மாமா, நேரமாச்சு, வாங்க!" என்று வாசலிலிருந்து மைத்துனன் கத்தினான்.

முடிச்சை அவிழ்த்து, டிபன் பாக்ஸில் அள்ளிப் போட்டேன்.

"போதும் சார்."

இன்னும் போட்டேன். அவன் மூடியை அழுத்தியதும் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தக் கல்லறைத் தோட்டம்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவன் கையை உருவப் பார்த்தான். நான் விடவில்லை.