பாதரசம் பட்ட தாலி

நினைவின்றிக் கிடந்த செல்லையாவின் அக்குளிலிருந்து நழுவிய தெர்மாமீட்டர் தரையில் விழுந்து உடைந்தது. சிதறியோடிய பாதரச மணிகளை அவன் மனைவி தெய்வானை பதறிக் குனிந்து உள்ளங்கையில் சேர்த்தாள். கழுத்தில் தொங்கிய தாலி அதில் தோய்ந்தது. நிமிர்ந்தபோது தங்கம் வெள்ளையாகியிருந்தது.

"ஐயோ, தொடாதீங்கம்மா!" நர்ஸ் ரோஸ்லின் ஓடிவந்தாள். "பாதரசமும் உலோகந்தான். தங்கத்தத் தொட்டா அதோட சேந்துக்கும். இரும்பா இருந்தா ஒட்டியே இருக்காது."

தெய்வானையின் காதில் எதுவும் ஏறவில்லை. முந்தானையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வெண்மை இன்னும் படர்ந்தது.

கட்டிலில் செல்லையா கண் விழித்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தாலியையே பார்த்தான்.

"ஏ புள்ள," என்றான். "நான் போயிட்டனா?"