மடிக்கணினிக்கு வைத்த பொட்டு

திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து பன்னிரண்டுக்கு யதுசா பொத்தானை அழுத்தினாள்.

குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மடிக்கணினியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா சுலோஜனா கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார்.

ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் இலங்கை ஆட்கள் கடை திறந்தாலும் கார் வாங்கினாலும் நாள் பார்த்துக் கொடுப்பது நான்தான். ஆகவே உட்கார நல்ல கதிரை எனக்கு.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

"மாமா, இந்தப் பேரை ஆரோ எடுத்திட்டினம்."

எடுத்தது நான்.

நான் பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே ஊரில் ஓட்டுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கூட வேலை செய்யும் அன்னா, இன்னும் பத்து வருடத்தில் பஸ் தானே ஓடும், நாங்கள் வீட்டில் இருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தாள். நான் வீட்டுக்குப் போய் என் சம்பளத்தைக் கணக்குப் பார்த்தேன்.

வரப்போகிற சனியனிடமே நாலு காசு பார்த்தால் என்ன? ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு ஜெர்மன் மொழியில் என்னென்ன சொல் உண்டோ, எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி இணைய முகவரிப் பெயர்களாகப் பதிந்தேன். ஒருநாள் ஏதாவது பெரிய கம்பனி தேடிவந்து கேட்ட விலை தரும் என்ற நினைப்பு.

முப்பத்தொரு பெயர். ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

போன புதன்கிழமை பின்னேரம் தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

யதுசா, தானே ஓடும் சின்ன வண்டி ஒன்று செய்கிறாள். வயதானவர்களை வைத்தியரிடம் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு. டிரெஸ்டன் நகரில் படிக்கும்போதே தொடங்கிய வேலை. கம்பனிக்கு வழித்துணை என்று பெயர் வைத்திருந்தாள். வண்டியின் கதவில்கூட அதை எழுதியாகிவிட்டது. அடுத்த மாதம் பணம் போடுகிறவர்களின் முன்னால் அந்தப் பெயரோடுதான் போய் நிற்கவேண்டும். இணைய முகவரியையும் அன்றைக்கே பதிந்துவிடவேண்டும் என்று துடித்தாள்.

என்னிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்று சுலோஜனாதான் அவளை இழுத்து வந்திருந்தார். அவர்கள் வீட்டுச் சமையலறைக் கலண்டரில் அன்று நல்ல நாள் என்றே போட்டிருந்ததாம்.

அது இலங்கை நேரம், இங்கே சரிவராது, திங்கள்வரை பொறுங்கள் என்றேன். அப்படித் திருத்திச் சொல்வதுதான் என் பெருமை. ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். மூலையில் மஞ்சள் தடவிய ஒரு தாளில் பெயரை எழுதி, என் சாமிப் படத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள்.

முப்பத்திரண்டாவது பெயர். வாங்குவதற்கு ஆள் இருக்கிற முதல் பெயர்.

கம்பனிக்குப் பணம் வரட்டும், பிறகு யாரோ மாதிரி ஒரு விலை சொல்வோம், பிள்ளைக்கு அது ஒரு காசா என்று நினைத்தேன். தூ! நானும் ஒரு மனிதன்.

எடுத்தவர் யார் என்பதை இந்த நாட்டில் வெளியே காட்டமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் காது இரண்டும் சுட்டன. வழித்துணை என்ற பெயரை எந்த ஜெர்மன்காரன் எடுக்கப்போகிறான்? யதுசா அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நல்லது.

அவள் மூடியைச் சாத்தினாள். பொட்டு அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

சுலோஜனா அவள் கையைப் பிடித்தார். "என்ரை பிழை, பிள்ளை. நீ அண்டைக்கே பதிவம் எண்டனீ. நான்தான் மறிச்சனான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாலா அண்ணை, நீங்கள் ஒண்டும் நினைக்காதேங்கோ. உங்களில ஒரு பிழையும் இல்லை."

நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி. பிளந்திருந்தால் கீழ்வீட்டுக்காரரின் தலையில்தான் விழுந்திருப்பேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்டு, பெயரை அங்கேயே அவளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். சின்ன வேலைதான்.

"வேறை பேர் ஒண்டு பாப்பம், பிள்ளை" என்றது என் வாய்.

யதுசா தலையாட்டினாள். என்னை அவ்வளவு நம்பினாள். வெட்கங்கெட்டவன் நான்.

சுலோஜனாவுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. என் மடியிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த நல்ல நாளைத் தேடி அந்த மாதத்தைத் திறந்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"அண்ணை, இதிலை பென்சிலாலை வட்டம் போட்டிருக்கு. இரவு ஏழு நாப்பது எண்டு எழுதியும் கிடக்கு. இது என்ன நாள்?"

அது போன புதன்கிழமை. கலண்டர் சொன்னது சரிதான். ஜெர்மனி நேரத்துக்குக் கணித்துப் பார்த்தாலும் அந்த மாதத்தில் அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர்கள் என் முன்னால் இருக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

அவர்களை அனுப்பிவிட்டு, குளித்து, திருநீறு பூசி, அந்த நேரம் பார்த்துத்தான் நான் பதிந்தேன்.