பட்டன் அக்கா காப்பாற்றிய சாம்பார்

"பாருங்கடி, கிளம்பிட்டாரு! அதுக்குள்ள மூக்குல வேர்த்துடுச்சு."

பட்டன் அக்கா முகத்தைச் சுளித்தாள். தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். அவள் சொன்னது சூப்பர்வைசரை. சமையல்கட்டில் சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தால் போதும், மனுஷன் உள்ளே நுழைந்துவிடுவார். வாயைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருவார்.

சமையல் மாஸ்டரின் சாம்பார் அப்படி. அதைச் சாப்பிட்டுக்கொண்டே, முதன்முதலில் சாம்பார் எங்கே பிறந்தது என்று சண்டை போடுவது அங்கே வழக்கம்.

"ஏதோ அரண்மனையில சமையல்காரன் கை தவறிப் பருப்புல புளியை ஊத்திட்டானாம். ராஜா சப்புக்கொட்டிச் சாப்பிட்டாராம்" என்பார் அயர்ன்காரர்.

"அரண்மனையாவது ஒண்ணாவது! பருப்பு கொஞ்சம், விருந்தாளி நிறைய. அப்படி ஒரு வீட்டுலதான் பிறந்திருக்கும்" என்பார் துணி வெட்டுகிறவர்.

"எங்க பிறந்தா என்ன? நம்ம தட்டுக்கு வந்து சேர்ந்துச்சே!" என்று அக்கா இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட கைப்பக்குவக்காரரைத் தினமும் ஒருத்தர் சோதனை போடுவதா? அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதுவும் இன்றைக்கு முதலாளி சாப்பிட வருகிறார். பிடித்திருந்தால் மாஸ்டர் இருப்பார். இல்லாவிட்டால் நாளை முதல் வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு.

இன்றைக்காவது மாஸ்டரை நிம்மதியாகச் சமைக்க விடட்டும் என்று அக்கா நூலை மெஷினுக்குள் நன்றாகச் சிக்கவைத்தாள்.

"சார்! மெஷின் மக்கர் பண்ணுது!"

"இதோ வந்துடறேம்மா, ஒரே நிமிஷம்."

"முதலாளி வர்ற நேரத்துல மெஷின் நின்னா யார் சார் பதில் சொல்றது?"

சூப்பர்வைசர் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். கை நூலில், கண் சமையல்கட்டில். ஒரு சிக்கை அவர் எடுப்பதற்குள் அக்கா இன்னொன்றைப் போட்டாள். அவளுக்கு உள்ளூர ஏக குஷி.

சாப்பாட்டு மணி அடித்தது.

முதலாளி முதல் கவளத்தை வாயில் வைத்தார். முகம் அஷ்டகோணலாக, தண்ணீரைத் தேடினார். அக்காவும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். ஒரே உப்பு! மாஸ்டர் சமையல்கட்டு வாசலில் வெளிறிப்போய் நின்றார்.

"என்னய்யா சமையல் இது?"

சூப்பர்வைசர் சட்டென்று எழுந்தார். "தப்பு என்னோடது முதலாளி. மாஸ்டர் சரியாத்தான் பண்ணியிருந்தாரு. ருசி பார்க்கப் போன நான்தான் அதிகப்பிரசங்கித்தனமா உப்பை அள்ளிப் போட்டுட்டேன்."

"உனக்கு அங்க என்ன வேலை? இனிமே சமையல்கட்டுப் பக்கம் நீ தலைவெச்சுப் படுக்கக் கூடாது! நாளைக்கு மறுபடி வரேன். அப்ப முடிவு பண்றேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி அடிக்கிறவரை தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனுஷர் எப்போது போய் உப்புப் போட்டார்?

முதலாளி போனதும், மாஸ்டரோடு சூப்பர்வைசர் நின்றிருந்த சமையல்கட்டு வாசலுக்கு ஓடினாள். "எதுக்கு சார் பொய் சொன்னீங்க?"

மாஸ்டர்தான் கண் கலங்கப் பதில் சொன்னார். "போன மழைக்காலத்துல காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு நாக்குல ருசியே தெரியலம்மா. வெளியில தெரிஞ்சா வேலை போயிடுமே! தினமும் உப்பு, புளி பார்த்துச் சொல்றது சார்தான். இன்னிக்குப் பதட்டத்துல, போட்ட உப்பையே மறுபடியும் போட்டிருக்கேன்."

அக்காவுக்கு அழுகை முட்டியது. "ஐயோ, உங்களைப் போக விடாம நூலைச் சிக்கவெச்சது நான்தான் சார்!"

வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்த சூப்பர்வைசர் சிரித்துவிட்டார்.

"அழுகையை விடும்மா. நான் உள்ள வரக் கூடாது, நாளைக்கு முதலாளி வேற வர்றாரு. உனக்கு நாக்கு நீளம்னு கம்பெனிக்கே தெரியும். அதுக்கு உப்பு பார்க்க வருமான்னு சொல்லு."