நான்கு மூலையிலும் மஞ்சள்

ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

உள்ளே கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு இந்த ஏரியா பூரா ஷட்டவுனுங்க. கரண்ட் வர அஞ்சு மணி ஆகிப்போகும்."

மாதாமாதம் வருகிற மின்தடைதான். முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். நேற்று அவனும் பேப்பர் பார்த்தான். வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும்.

பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இப்போது பத்தே முக்கால். கம்பெனி கேட் எதிரிலேயே இருந்தது.

அவன் பதறவில்லை. பதற வேண்டிய நேரம் இது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பம்ப் கம்பெனியை மூடி எட்டு மாதம். அங்கே பதினாறு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தான். எந்த போல்ட் எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை.

இது பன்னிரண்டாவது இன்டர்வியூ. முதல் மூன்று நான்குக்குப் படபடப்பு இருந்தது. பிறகு கொஞ்ச நாள் கோபம். இப்போது ஷேவ் செய்துகொள்வது மாதிரி இதுவும் ஒரு காரியம்.

மனைவி பூங்கொடிக்கு அப்படி இல்லை. அவன் கிளம்புகிற காலைகளில் குளித்துவிட்டு வந்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, பயோடேட்டாவின் நான்கு மூலையிலும் மோதிர விரலால் தடவி, ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பாள். கல்யாணப் பத்திரிகைக்கு என்ன சிரத்தையோ அதே சிரத்தை. எட்டு மாதத்துக்கு முன்பே இருபது காப்பி எடுத்து அலமாரியில் வைத்திருந்தான். அதிலிருந்து எடுப்பாள்.

முதல் இன்டர்வியூவில் மஞ்சள் தடவிய தாளைத்தான் கொடுத்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, ஒரு டிஷ்யூ எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

அன்றோடு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். போகிற கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. செல்போனிலிருந்து புதிதாக ஒரு பிரின்ட். மஞ்சள் தாள் ஃபைலின் பின்னுறைக்குள் போய்விடும். திணிப்பதோடு சரி, அதை அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவள் கேட்பாள்.

"குடுத்தாச்சுங்களா?"

"குடுத்துட்டேன்."

"சரி."

வேலை கிடைக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கடை வாசலிலேயே நின்று ஃபைலைத் திறந்தான்.

இன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருந்தாள். இதை எப்படிக் கொடுப்பது? பின்னுறையில் பழையவை பத்து இருக்குமே. அதில் ஒன்றாவது மங்கியிருக்கும்.

கையை விட்டான்.

ஒன்றும் இல்லை.

ஃபைலைக் கவிழ்த்துத் தட்டினான். அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான் நழுவியது.

மேலே இருந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

இன்றைய மஞ்சளுக்கு அடியில் ஒரு பழைய மஞ்சள். அதற்கும் அடியில் அதைவிடப் பழையது, பழுப்பாக. மூலைகள் அட்டை மாதிரி விறைத்திருந்தன. குறுக்கே சில மடிப்புகள், அவன் அவசரத்தில் திணித்தபோது விழுந்தவை. ஒவ்வொரு மடிப்பும் உள்ளங்கையால் நீவி நேராக்கப்பட்டிருந்தது.

ஒரே தாள்.

அலமாரியில் மீதிப் பதினெட்டும் தொடாமல் அப்படியே இருக்கும்.

பத்து சாயங்காலம் அவன் "குடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். பத்து சாயங்காலமும் அவள் "சரி" என்றிருக்கிறாள். மறுமுறை அவன் கிளம்பும்போது அதே தாளை எடுத்து, அதே மூலைகளில், மறுபடியும்.

வெட்கமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒன்று உறைத்தது.

நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரின் சீட்டில் தாளை வைத்தான். கடைசியில் இடம், தேதி, கையெழுத்து மூன்றும் இன்னும் காலியாகவே இருந்தன. மூன்றையும் நிரப்பினான்.

கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்வியூ எடுத்த பெண்ணுக்கு அவனைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். தாளை வாங்கியவள் மூலைகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேற நல்ல காப்பி இல்லீங்களா சார்?"

"இல்லீங்க. இது ஒண்ணுதான்."

அவள் அதைத் தன் முன்னாலிருந்த தாள்களோடு வைத்துக்கொண்டாள். ஏழு நிமிடம் கேள்வி கேட்டாள். தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னான். சொல்லி அனுப்புகிறோம் என்றாள். எல்லா இடத்திலும் சொல்வதுதான்.

வெளியே வந்தபோதுதான் பார்த்தான், கட்டைவிரலில் மஞ்சள். அவன் துடைக்கவில்லை.

சாயங்காலம் பூங்கொடி டீயை நீட்டினாள்.

"குடுத்தாச்சுங்களா?"

"குடுத்துட்டேன்."

"சரி."

அதே சரிதான். ஃபைலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், வழக்கம்போல. இத்தனை நாளாக அவள் அதை வாங்கிப் போவதைக்கூட அவன் கவனித்ததில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

உள்ளே ஃபைலின் பட்டன் திறக்கும் சத்தம் கேட்டது.

மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

வெகுநேரம் அது வரவில்லை.