மூச்சுத் துளைக்குக் காவல்

உறைந்துபோன வடகடலில் கடல்நாய்க் கிழவி ஒருத்தி இருந்தாள். கடலை மூடிய பனிக்கட்டியில் நகத்தால் சுரண்டி ஒரு துளை போட்டு, அவ்வப்போது அதில் மூக்கை நீட்டி மூச்சு வாங்குவாள். சுரண்டாமல் விட்டால் துளை உறைந்துவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு துளையும் கிடையாது.

ஒருநாள் யானைபோல் தந்தம் முளைத்த வால்ரஸ்கள் மூன்று கூட்டணி சேர்ந்து வந்து இறங்கின.

"அக்கா, எதிர்க்கரைக் கரடி உன் துளைமேல் கண் வைத்திருக்கிறது. இனி நாங்கள் காவல்" என்றார் தலைவர் வால்ரஸ்.

"கரடியைப் பார்த்தே மூன்று குளிர்காலம் ஆகிறது, தம்பி."

"பார்த்தாயா, பதுங்கியிருக்கிறது!"

கிழவிக்குச் சலித்துவிட்டது. இப்படிப்பட்ட காவல்காரர்களோடு வாதாடியே அவள் மீசை நரைத்திருந்தது. "வேண்டாமென்றால் போகவா போகிறீர்கள்? கொஞ்சம் தள்ளியாவது உட்காருங்கள், நான் சுரண்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டு மீன் தேடி முங்கினாள்.

தள்ளி உட்கார்ந்தால் அது காவலா என்று மூவரும் நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் தலைவர் துளைமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கிழவி திரும்பி வந்தபோது துளை இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அடியிலிருந்து பிறாண்டினாள், தலையால் முட்டினாள்.

மேலே ஒரு குரல் நடுங்கியது: "தலைவரே, கீழே யாரோ இடிக்கிறார்கள்!"

"கரடிதான். நான் சொன்னபோது அந்தக் கிழவி நம்பினாளா?" என்றார் தலைவர். "நீங்களும் வந்து ஏறி உட்காருங்கள்."