செய்தி சொல்லும் பிரிவு

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னப் பிரிவு. விமானப் பிரிவும் நர்சிங் பிரிவும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் போய்விட்டன. என் மகள் பவதாரணிக்குச் செய்தி சொல்லும் பிரிவுதான் கிடைத்தது. நோயை இயந்திரமே கண்டுபிடித்துவிடுகிறது. அதை நோயாளியிடம் எடுத்துச் சொல்ல மட்டும்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

வீட்டில் அவள் பயிற்சிக்கு நான்தான் நோயாளி. முதலில் டிவியை அணைப்பாள். என் கைக்கு எட்டும்படி ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்காருவாள். "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்னு சொல்லுங்க" என்று மெதுவாக ஆரம்பிப்பாள். நான் உடனே தலையில் அடித்துக்கொண்டு ஓலமிடுவேன்.

"ஓவரா அழாதம்மா, எனக்கு மார்க் போயிடும்" என்பாள். இருவரும் சிரித்துவிடுவோம்.

நேற்று ஆஸ்பத்திரியில் எனக்குச் செய்தி சொன்ன பெண்ணும் அதே பிரிவில் படித்தவள்தான். ஒரு குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் பவதாரணி வந்து பையை இறக்கினாள். நான் டிவியை அணைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து நாற்காலிப் பக்கத்தில் வைத்தேன். தரையில் உட்கார்ந்தேன். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, நீ மேல உக்காரு."

"இன்னைக்கு நீ உக்காருடி."

உட்கார்ந்தாள். டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தப் பக்கம் உக்காந்தா என்ன செய்யணும்னு எங்களுக்குச் சொல்லித்தரலம்மா."

"நான்தான் தினமும் செஞ்சு காட்டினேனே" என்றேன். "ஓவராவே அழு. மார்க் போகாது."